இன்னும் வலிக்கிற முதுகோடு ஒரு சாட்சி

எண்பத்தாறாம் வருஷம், கோடைக்காலம். ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. தண்ணீர் மாடிக்கு ஏறாது. கீழே பொதுக் குழாயில் காலை ஐந்தரைக்கு வரும், ஆறரைக்கு நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு குடம் மேலே ஏற்றியாக வேண்டும். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். மூத்தவள் பியூலாவுக்கு ஏழு வயது. சின்னவள் ஷீபா கைக்குழந்தை. அதனால் நான்தான் ஏற்றுவேன். எனக்கு முப்பத்திரண்டு வயது, திருநெல்வேலிப் பக்கத்து உடம்பு. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று கடகடவென்று ஏறிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. கீழ்வீட்டு வசந்தா, "யக்கா, மெதுவாப் போ. தண்ணி எங்கியும் ஓடிப்புடாது" என்பாள். நான் காதில் வாங்கியதே இல்லை.

அன்றைக்கு ஒன்பதாவது குடம். முதல் மாடித் திருப்பத்தில் யாரோ சிந்தியிருந்த தண்ணீரில் கால் வழுக்கியது. நான் விழவில்லை. குடத்தை விட மனசில்லாமல் உடம்பை முறுக்கிச் சமாளித்தேன். இடுப்பில் மளுக்கென்றது. குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் பட்ட பாட்டை என் ஆண்டவர் ஒருவர்தான் அறிவார். தைலம், ஒத்தடம், ஊசி, மாத்திரை, இடுப்புக்கு பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டர் மூன்று வாரம் பலகையில் படுத்திருக்கச் சொன்னார். நான் படுத்துவிட்டால் தண்ணீர் யார் ஏற்றுவது, சோறு யார் பொங்குவது? நான்கு நாள் படுத்தேன். ஐந்தாம் நாள் எழுந்து துணி துவைத்தேன். வலி இடுப்பிலிருந்து இடது தொடை வழியாக இறங்கிக் குதிகால் வரைக்கும் போய்விட்டது. ஷீபா இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுவாள். எனக்குத் தூக்க முடியாது. வேறு பக்கம் பார்ப்பது போல் திரும்பிக்கொள்வேன். சபையில் எல்லாரும் முழங்காலிட்டு ஜெபிக்கும்போது நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, ஒன்று இந்த வலியை எடும், இல்லாவிட்டால் என்னை எடும்" என்று அழுதேன். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்டேன். அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது.

எண்பத்தெட்டு ஜனவரியில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. சலோமி அக்கா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் உபவாச ஜெபத்தை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். ஸ்கூல் டீச்சர், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர்கள். ஜெபிக்க ஆரம்பித்தால் பக்கத்து பிளாக் வரைக்கும் கேட்கும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சியோடு வந்து நிற்பார்கள். என் மேல் அவர்களுக்கு உயிர்.

மூன்றாம் நாள் பிரசங்கம் செய்த ஊழியக்காரர், "முதுகுவலிக்காரர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். எழுந்தேன். பாட்டும் கைதட்டலும் அத்தனை பேர் அழுகிற சத்தமும் சேர்ந்து என் உடம்பே சூடாகிவிட்டது. "குனிந்து பாருங்கள்" என்றார். குனிந்தேன். வலி இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் வலி இல்லை. சலோமி அக்கா அழுதுகொண்டே என்னை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடையில் ஏற்கெனவே இரண்டு ஊன்றுகோலும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கிடந்தன. நானும் என் பெல்ட்டைக் கழற்றி அங்கே போட்டேன். மைக்கைப் பிடித்து, "என் வலி முழுசாப் போயிடுச்சு. இனி ஒருநாளும் வராது" என்றேன். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். 'இனி ஒருநாளும் வராது' என்று சொல்லும்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது நானாகச் சேர்த்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குழாயடியில் முதல் குடத்தைத் தூக்கினேன். வலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் பெற்றேன் என்று ஒருமுறை சாட்சி சொல்லிவிட்டால், அதற்கப்புறம் வலி வந்தாலும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் பெற்ற சுகத்தை இழந்துபோவோம், சத்துருவான சாத்தானுக்கு வாசலைத் திறந்துவிட்டதாகிவிடும் என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது என் கழுத்துக்கே அது சுருக்காக வந்தது. பெல்ட் மேடையில் போய்விட்டது. புது பெல்ட் வாங்கக் கடைக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். மருந்து தேய்த்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஒன்றுமே செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். சுகமான பெண் எப்படி நடப்பாளோ அப்படி நடந்தேன், எப்படிக் குனிவாளோ அப்படிக் குனிந்தேன். பார்க்கிறவர்கள் எதிரில் வேண்டுமென்றே இரண்டு குடம் தூக்கினேன்.

அதோடு விட்டதா? சாட்சி சொல்ல ஒவ்வொரு வீட்டுக் கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்பத்தூர், கள்ளிக்குப்பம், திருவேற்காடு, பூந்தமல்லி. சலோமி அக்கா நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு அனுப்புவார்கள். சொல்லச் சொல்ல என் சாட்சி நன்றாக மெருகேறியது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லி முடித்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்புவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

அந்த வருஷம் ஆகஸ்டில் பூந்தமல்லியில் ஒரு வீட்டில் சாட்சி சொல்லிவிட்டு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பூ விற்கிற அம்மா ஒருத்தி சத்தம் போட்டாள். "யம்மோவ்! இன்னாமா, ஒரு கால் செருப்ப ரோட்லயே உட்டுட்டுப் போய்கினே கீறியே!"

குனிந்து பார்த்தேன். என் இடது கால் வெறுங்காலாக இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் தார் கொதித்தது. செருப்பு கழன்றதும் எனக்குத் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. இருபதடி தூரம் அப்படியே வந்திருக்கிறேன். பெருவிரலை அசைத்துப் பார்த்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை.

அந்த அம்மாவே செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். "உடம்பு சொகமில்லியா?" என்று கேட்டாள்.

ஏழு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. யார் கேட்பார்கள்? நான்தான் சுகமாகிவிட்டேனே. என் வாய் என்னையும் மீறி, "இல்லம்மா, ரொம்ப வலிக்குது" என்றது. அங்கேயே ரோட்டில் நின்று அத்தனை பேர் முன்னால் அழுதேன். "ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். நீர் என்னை அடித்தாலும் சரி, இந்தக் காலை மட்டும் எடுத்துவிடாதேயும். எனக்கு என்ன செய்ய வேண்டுமென்று காட்டும்" என்று கேட்டேன். வலியை எடும் என்று கேட்கவில்லை. வலியைப் பற்றிய ஜெபம் எனக்கு மறந்தே போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் சீலி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ திரும்பிப் படுக்கும்போது மூச்சைப் புடிச்சுக்கிடுத. ஒருநாளா ரெண்டுநாளா? எப்ப சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விசுவாசம் இல்லாதவன்னு என்னையப் பேசுவ" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உண்மைதான், பேசியிருப்பேன்.

மறுநாள் அவரே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டர் என் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், குதிகாலில் நடக்கச் சொன்னார். இடது பாதம் தொங்கியது. முதுகெலும்புக்கு நடுவிலிருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, தாமதித்தால் கால் இழுத்துக்கொள்ளும் என்றார். ஆறு வாரம் எக்சர்சைஸ் செய்து பார்ப்போம், கால் திரும்பாவிட்டால் ஆபரேஷன், நடுவில் கொஞ்சம் மோசமானாலும் உடனே ஓடி வந்துவிட வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்.

எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்தது என்னைவிடச் சின்னப் பெண். பிசியோதெரபி மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். சிரிக்கவே மாட்டார். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். அப்புறம் கையும் முழங்காலும் ஊன்றி, பூனை முதுகை வளைக்கிற மாதிரி வளைத்து இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

"வலிக்குமே மேடம்?"

"வலிக்கும். வலியோடதான் செய்யணும். வலி கால் பக்கம் கீழ இறங்குச்சுன்னா உடனே நிறுத்திடுங்க. கால்லேருந்து முதுகுக்கு ஏறி வந்துச்சுன்னா, எவ்வளவு வலிச்சாலும் அது நல்ல வலி. விடாதீங்க."

"முழுசாப் போயிடுமா?"

"தெரியாதும்மா. போகலாம், போகாமலும் இருக்கலாம். நீங்க ஒழுங்கா செஞ்சா கால் பிழைக்கிறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு" என்றார்.

அந்தப் பெண் 'தெரியாது' என்று சொன்னதைக் கேட்டு நான் அசந்துபோனேன். நான் மேடையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இரண்டு அறை குவார்ட்டர்ஸில் எக்சர்சைஸ் செய்வது லேசான காரியமில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் உண்டு. காலைச் சங்கு ஊதி வீட்டுக்காரர் போய், பியூலாவும் ஸ்கூலுக்குப் போன பிறகு, ஸ்டவ்வில் குக்கரை ஏற்றிவிட்டுக் குப்புறப் படுப்பேன். நான் படுத்ததும் ஷீபா முதுகில் ஏறி உட்கார்ந்து 'ஆன, ஆன' என்று குதிப்பாள். அவளை இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தால் பால்காரர் கூப்பிடுவார். அவரை அனுப்பினால் பருப்பு பொங்கும். முதல் வாரம் வலியில் கண்ணீர் பாயை நனைத்தது. கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுத்தான் செய்வேன். சபைக்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்லுவது?

ஒருநாள் தாழ் சரியாக விழவில்லை. வசந்தா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், நான் தரையில் குப்புறக் கிடப்பதைப் பார்த்து அலறிவிட்டாள்.

"ஐயோ யக்கா! இன்னா ஆச்சு? உயுந்துட்டியா?"

"கத்தாதடி. எக்சர்சைஸ் பண்றேன். முதுகுக்கு."

"இன்னாது, முதுகுக்கா? நீதான் சொகமாயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தியே?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாத வசந்தா" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? ஆனா உங்க சாமிக்குத் தெரியுமில்ல?"

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. மறுநாள் ஐந்தரைக்கு நான் குடத்தோடு இறங்கினால், வசந்தா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீ மேல போ. நானும் மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிகினு கீறேன். உனக்கு நாலு கொடம் தூக்கிக் குடுத்தா எனக்கும் புண்ணியம்தான்" என்றாள். நாலு என்றவள் பத்துக் குடம் ஏற்றினாள். மீதி இரண்டை என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே ஏற்றினார். இத்தனை காலம் நான் கேட்டிருந்தால் இவர்கள் செய்திருக்க மாட்டார்களா? நான் கேட்கவே இல்லை. வசந்தாவுக்காக அன்றைக்கு ஆண்டவரைத் துதித்தேன், இன்றைக்கும் துதிக்கிறேன்.

இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணுவதுதான் எனக்கு எமனாக இருந்தது. ஆறில் தொடை நடுங்கும், ஏழில் விட்டுவிடுவேன். ஒருநாள் எண்ணுவதற்குப் பதிலாகப் பேர்களைச் சொன்னேன். பியூலா, ஷீபா, அவங்க அப்பா, ஊரிலிருக்கிற என் தம்பி, வசந்தா, பேர் தெரியாத அந்தப் பூக்காரம்மா, பிசியோதெரபி மேடம்... ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூச்சு. பத்தாவது பேர் சலோமி அக்கா. அந்தப் பேர் வரைக்கும் இடுப்பு கீழே வரவில்லை! அப்படியே மல்லாந்து கிடந்தேன். இத்தனை நாளும் என் ஜெபமெல்லாம் என் முதுகு, என் வலி, என் பேர் என்றே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து தினமும் பத்துப் பேர். பத்து தடவை தூக்கினால் பத்து தடவை அவர்களுக்காக ஜெபம். அதற்கு முன்னால் நான் யாருக்காகவும் அவ்வளவு ஜெபித்ததில்லை.

வலி நகர ஆரம்பித்தது. மேடம் சொன்னபடியே, அப்படியே எழுத்துக்கு எழுத்து! குதிகாலில் இருந்தது இரண்டாம் வாரம் கெண்டைக்காலுக்கு ஏறியது. நான்காம் வாரம் முழங்காலுக்கு மேலே. கால் இலேசாக ஆக ஆக முதுகு அதிகமாக வலித்தது. வேறு சமயமாக இருந்தால் பயந்திருப்பேன். இப்போது, ஏறி வா, ஏறி வா என்று அதைக் கூப்பிட்டேன். தோலுக்கு அடியில், நான் பார்க்கவே முடியாத ஒரு நரம்பு, ஒரு ரூபாய்க் காசு அளவு ஜவ்வு, அதைத் தாங்கிப் பிடிக்கிற தசை. முப்பத்திநாலு வருஷமாக இவையெல்லாம் என் உள்ளே இருந்து எனக்கு ஊழியம் செய்திருக்கின்றன. நான் ஒருநாள் நன்றி சொன்னதில்லை. இதையெல்லாம் உண்டாக்கியவர் எவ்வளவு பெரியவர் என்று கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் கிடந்தபடி பிரமித்தேன்.

ஐந்தாம் வாரம் ஒரு காலை. சமையலறைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சொம்புத் தண்ணீர் இடது காலில் பட்டது. ஜில்லென்றது.

சொம்பை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்து, பெருவிரலில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஜில்லென்றது. இன்னொரு சொம்பு, இன்னொரு சொம்பு. அந்தத் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் அரைக்குடம் தண்ணீரைக் காலில் ஊற்றித் தீர்த்தேன். விரலை அசை என்று மனசுக்குள் சொன்னேன். கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக, அசைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. மைதானத்தில் ஆயிரம் பேர் நடுவில் நான் உணராத பயபக்தியை அந்த ஈரத் தரையில் உணர்ந்தேன். அவர் அங்கே இருந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்தோத்திரம் என்று சொல்லிக் கீழே சாய்ந்தவள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நான் முழங்காலில் நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு மேல் முடியாமல் இருந்தது. பூனை மாதிரி முதுகை வளைத்து வளைத்து, தினமும் முப்பது தடவை என்னை அறியாமலே முழங்காலில் நிற்கப் பழகியிருக்கிறேன்.

ஆறாம் வார முடிவில் டாக்டர் குதிகாலில் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஆபரேஷன் வேண்டாம், செய்வதைத் தொடர்ந்து செய்யுங்கள் என்றார். மேடம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

கால் திரும்ப வந்துவிட்டது. பொய் மட்டும் அப்படியே இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சரியாகிவிட்டதே, இனி பழைய சாட்சியையே சொன்னால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று என் மனசு எனக்கே வக்காலத்து வாங்கியது. எண்பத்தொன்பது ஜனவரியில் அதே மைதானத்தில் மறுபடியும் கூட்டம் ஏற்பாடு ஆனது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சலோமி அக்கா எல்லார் முன்னாலும், "நம்ம ஜெயசீலி போன வருஷம் பெற்ற சுகத்தை இந்த வருஷம் மேடையில சாட்சி சொல்லப் போறா" என்றார்கள். இருபது பெண்கள் அல்லேலூயா என்றார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, நான் மேடையில சொன்னது பொய். மறுநாள் காலையிலயே வலி வந்திடுச்சு. ஏழு மாசம் மறைச்சேன். கால் செத்துப்போச்சு. இப்ப ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்த எக்சர்சைஸ்லதான் நடக்கிறேன். இன்னைக்கும் முதுகு வலிக்குது" என்றேன்.

சலோமி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ ஆண்டவர் பொய்யரா?" என்றார்கள்.

"பொய் சொன்னது நான்தான் அக்கா. அவர் ஒண்ணுமே சொல்லலை."

அன்றைக்கு ஜெபம் பாதியில் முடிந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் யாரும் என்னை எந்த வீட்டுக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். விசுவாசத்தை விட்டு விழுந்த பின்மாற்றக்காரி என்று ஒரு சகோதரி சொன்னதாகக் காதில் விழுந்தது. வலித்தது. ஆனாலும் எனக்கு ராத்திரியில் நல்ல தூக்கம் வந்தது. காலையில் எழுந்து பாய் விரித்தேன், பத்துப் பேர் சொன்னேன். பத்தாவது பேரை மாற்றவில்லை.

ஆறு வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். ஒரு படி, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொரு படி. பெருமூச்சு. கதவைத் திறந்து பார்த்தால் சலோமி அக்கா, சுவரைப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் நனைந்து நிற்கிறார்கள்.

"உள்ள வாங்கக்கா" என்று கையைப் பிடித்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு முழங்காலும் போச்சு சீலி. நாலு வருஷமாச்சு. முழங்கால்ல நின்னு ஜெபிச்சு முடிச்சா, நீங்கள்லாம் போற வரைக்கும் என்னால எழுந்திருக்க முடியாது. அதான் எல்லாரையும் அனுப்பிட்டுக் கடைசியில வருவேன். நான் ஜெபத்துல பலத்தவன்னு நீங்க நினைச்சுப்பீங்க." குரல் உடைந்துவிட்டது. பக்கத்து பிளாக்குக்குக் கேட்கிற அந்தக் குரல். "எத்தனை பேருக்குச் சொல்லக்கூடாதுன்னு நானே சொல்லியிருக்கேன். எனக்கு யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல."

நான் தரையில் உட்கார்ந்து அக்காவின் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். "ஐயோ, மெதுவா" என்றார்கள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த எக்சர்சைஸ் எனக்கும் சரிப்படுமா? இது யோகா கீகா இல்லையே?"

"இல்லக்கா. ஆனா என் முதுகுக்குச் சொன்னது உங்க முழங்காலுக்கு ஆகாது. திங்கக்கிழமை மேடம்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

தினமும் முப்பது தடவை நான் சொன்ன பத்தாவது பேர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இது எப்படி நடந்தது? என் வலி போக வேண்டும் என்று நான் அழுதேன். அவரோ நான் யாரையும் தேடிப் போகாமலே, முழங்கால் வலிக்கிற ஒரு மனுஷியை இரண்டு மாடி ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய வழி எனக்குப் புரியவில்லை. புரியாமலே கும்பிடுகிறேன்.

இப்போது தொண்ணூற்றைந்து. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இன்னும் நடக்கிறது. ஆரம்பிக்கும் முன் சலோமி அக்கா கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு யாருக்கு எங்க வலிக்குது?" என்பதுதான். முதலில் தன்னுடையதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்பார்கள். முழங்காலிட முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறோம், அக்காவுக்கும் ஒன்று. ஜெபம் செய்கிறோம், டாக்டரிடமும் துணைக்குப் போகிறோம். அந்த மைதானக் கூட்டத்தில் சிலருக்கு ஒரே ஜெபத்தில் சுகம் கிடைத்திருக்கிறது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். எனக்கு அவர் வேறு விதமாகச் செய்தார். ஏழு வருஷமாகத் தினமும் பாய் விரிக்கிறேன். மார்கழிக் குளிரில் இடுப்பு பிடித்துக்கொண்டால் கட்டிலை விட்டு இறங்கவே அரைமணி ஆகும். ஷீபா ஒன்பது வயதுப் பெண்ணாகிவிட்டாள், இனி தூக்க முடியாது. அவள் தூக்கச் சொல்லிக் கேட்ட வயதில் என்னால் முடியவில்லையே என்ற துக்கம் ஒன்று உண்டு. அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இதை வாசிக்கிற அன்பானவர்களே, உங்களில் யாராவது சுகமாகிவிட்டது போல நடந்துகொண்டிருக்கலாம். பார்க்கிறவர்கள் எதிரில் இரண்டு குடம் தூக்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கீழே வையுங்கள். வலிக்கிறது என்று உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமாவது சொல்லுங்கள். நம்முடைய ஆண்டவர் அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்கிறவர் அல்ல.

முதுகு வலிக்கிறதா என்று என்னைக் கேட்டால், வலிக்கிறது என்று சொல்லுவேன். கர்த்தர் நல்லவரா என்று கேட்டால், நல்லவர் என்று சொல்லுவேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில், பொய்யில்லாமல் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம்.